இரண்டு டாலர் வித்தியாசம்

ஆங்கில அதிரடிப் படங்களை ஒன்று விடாமல் பார்க்கும் இருவர் மாமாக் கடையில் சேர்ந்து உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் இந்தச் சண்டை வந்துவிடும்: பெரெட்டா 92 நல்லதா, சிக் சாவர் பி226 நல்லதா? 'டை ஹார்ட்' படத்தில் புரூஸ் வில்லிஸ் கையில் இருந்தது பெரெட்டாதானே என்பார் ஒருவர். அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' வீரர்களே சிக்கைத்தானே வைத்திருந்தார்கள் என்பார் மற்றவர். இருவரும் நிஜத் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, பிரம்படி வேறு. ஆக, நமக்கு இது வாய்ச்சண்டைதான். ஆனால், இதே கேள்விக்கு ஒரு ராணுவம் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. வானொலியில் இரண்டு பாட்டுக்கு நடுவே சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1911 முதல் அமெரிக்க வீரர்களின் இடுப்பில் இருந்தது .45 கோல்ட் கைத்துப்பாக்கி. ஏழு தோட்டாதான் பிடிக்கும், உதையும் அதிகம். நேட்டோ கூட்டணி நாடுகளோ 9 மில்லிமீட்டர் தோட்டாவைப் பயன்படுத்தின. புதிய துப்பாக்கி தேடி 1984இல் பெரிய சோதனை வைத்தார்கள். பேர்போன நிறுவனங்கள் பல போட்டியிட்டன. கடைசி வரை தாக்குப்பிடித்தவை இரண்டே இரண்டு: இத்தாலியின் பெரெட்டா, சுவிஸ் - ஜெர்மன் கூட்டில் பிறந்த சிக் சாவர் பி226.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் பங்காளிகள். இரண்டிலும் மேகசினில் 15 தோட்டாக்கள். முதல் முறை சுட, விசையை நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டும். அதன் பிறகு சுத்தியல் தானாகவே பின்னால் போய் நின்றுகொள்ளும். லேசாக இழுத்தால் போதும். (படத்தில் கதாநாயகன் வசனத்துக்கு வசனம் 'கிளிக்' என்று சுத்தியலை இழுக்கிறாரே, அதில் பாதி எங்களைப் போன்ற ஒலிப்பதிவு ஆட்களின் கைவேலை.)

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியை ஸ்லைடு என்பார்கள். பெரெட்டாவில் அதன் மேற்புறம் திறந்தே இருக்கும். வெடித்து முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூடு தடையில்லாமல் வெளியே பறக்கும். அதனால் அது இடையில் சிக்கிக்கொள்வது குறைவு. பி226இன் ஸ்லைடு மூடியது. அதன் குழல், பின்பக்கம் சற்றே கீழே சாய்ந்து விடுபடும் பழைய பிரவுனிங் முறை. பெரெட்டாவில் விரலால் போடுகிற பாதுகாப்புப் பூட்டு உண்டு. பி226இல் அது கிடையாது. சுத்தியலைப் பத்திரமாக இறக்கிவைக்க ஒரு சின்ன நெம்புகோல் மட்டும்.

இரண்டும் தேறிவிட்டதால் விலையைக் கேட்டார்கள். துப்பாக்கி ஒன்றுக்கு சிக் சொன்னது 176.33 டாலர், பெரெட்டா சொன்னது 178.50. அப்படியானால் சிக்தானே ஜெயித்திருக்க வேண்டும்? மேகசின், உதிரிபாகம் எல்லாம் சேர்த்துக் கூட்டியபோது பெரெட்டாவின் மொத்த விலை குறைவாக வந்தது. 1985 ஜனவரியில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் பெரெட்டாவுக்குப் போனது. நம் நாட்டில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்த அதே ஆண்டு. கார் வாங்கிய பிறகு டயர், பிரேக் என்று செலவழித்த எவருக்கும் அந்தக் கணக்கு புரியும். பொதுப்பணத்தில் வாங்குகிறவர்கள் அப்படிக் கூட்டிப் பார்த்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பிரச்சினை பிறகு வந்தது. சீல் வீரர்கள் பயிற்சியிலேயே ஆயிரக்கணக்கில் சுடுகிறவர்கள். அவர்களுடைய பெரெட்டாக்கள் சிலவற்றில் ஸ்லைடு இரண்டாக உடைந்து, பின்துண்டு சுட்டவரின் முகத்தை நோக்கியே பறந்தது. காயம்பட்டவர்கள் உண்டு. ராணுவத்தின் சோதனைக் கூடத்திலும் ஸ்லைடுகள் உடைந்தன. தோட்டாவின் அழுத்தம் அளவுக்கு மேல் என்றது நிறுவனம். இரும்பிலேயே கோளாறு என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் பெரெட்டா ஒரு காரியம் செய்தது: சுத்தியலைத் தாங்கும் ஆணியின் தலையைப் பெரிதாக்கியது. ஸ்லைடு உடைந்தாலும் அந்தத் தலை தடுத்து நிறுத்தும், முகத்துக்கு வராது. இன்று கடைகளில் 92எஃப்எஸ் என்று விற்பது அந்தத் திருத்தம் செய்யப்பட்ட துப்பாக்கிதான். சீல் வீரர்கள் அதற்குள் பி226க்கு மாறிவிட்டார்கள்.

தோற்ற நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. வழக்கு, நாடாளுமன்ற விசாரணை என்று இழுத்தடித்து, 1988இல் மறுபடியும் சோதனை வைக்க வைத்தார்கள். 1989இல் மீண்டும் பெரெட்டாவே வென்றது. 'எம்9' என்ற பெயரில் 30 ஆண்டுக்கும் மேலாக அந்த ராணுவத்தில் இருந்தது.

என்னைக் கேட்டால்? எனக்குக் கை சின்னது. எம்9இன் பிடி தடிமன். விரல் சிறியவர்களுக்கு, குறிப்பாகப் பெண் வீரர்கள் பலருக்கு, அந்த முதல் நீள இழுப்பு எட்டவே சிரமம் என்பது பழைய புகார். விலைப்பட்டியலில் கை அளவுக்கு ஒரு வரிசை இருந்ததே இல்லை.

அடுத்த தேர்வில் அதைச் சேர்த்தார்கள். பிடியை ஆளுக்கேற்ப மாற்றும் வசதி வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2017 ஜனவரியில் வென்றது சிக் சாவரின் பி320. கடைசிச் சுற்றில் எதிரே நின்றது கிளாக். இந்த முறை விலைக் கணக்கு சிக்கின் பக்கம்: சிக் சொன்னது 169.5 மில்லியன் டாலர், கிளாக் சொன்னது 272.2 மில்லியன். மிச்சச் சோதனைகளை முடிக்காமலே எப்படித் தீர்மானிக்கலாம் என்று கிளாக் புகார் கொடுத்தது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு ஜூனில் அதைத் தள்ளுபடி செய்தது.