சனியின் சுற்றம் – 12: ஐயாபீட்டஸின் கறுத்த முகம்

சனியின் பெரிய நிலாக்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில், 1 கோடியே 30 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், 550 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது ஃபீபி. போன வாரம் இதுவரை வந்திருந்தோம். 213 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள இந்தக் குட்டி நிலா சனியிடம் எப்படி மாட்டியது என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். நடுவில் ஐயாபீட்டஸ் என்ற இன்னொரு சனி நிலா வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1671 அக்டோபர். பாரிஸ் வானாய்வகத்தில் ஜொவானி காசினி சனிக்கு மேற்கே ஒரு புதிய புள்ளியைக் கண்டார். நிலா என்றால் சில வாரத்தில் அது கிழக்கே வர வேண்டும். கிழக்கே தேடினார், இல்லை. பிறகு மறுபடியும் மேற்கில் தெரிந்தது. ஒரு சுற்றுக்கு 79 நாள். ஒவ்வொரு சுற்றிலும் கிழக்கே போனதும் காணாமல் போனது. வேறொருவராக இருந்தால் கருவியைக் குறை சொல்லியிருப்பார். காசினி யோசித்தார்: இதன் ஒரு பாதி வெளுப்பு, மறுபாதி கறுப்பு, நம் நிலாவைப் போல இதுவும் தன் கோளுக்கு ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றுகிறது, கிழக்கே வரும்போது கறுத்த பாதி நம் பக்கம் திரும்பிவிடுகிறது. இன்னும் நல்ல தொலைநோக்கி கிடைத்துக் கிழக்குப் பக்கத்தில் அதை மங்கலாக அவர் பார்த்தது 1705இல்!

34 வருஷம். சனியே ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம்தான் ஆகிறது. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் வாழும் குரும்பகரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பன்னிரண்டு ராசியையும் சனி கடந்து, அடுத்த சுற்றில் இரண்டாம் ராசியையும் கடக்கப்போகும் வரை ஒரு மனிதர் ஒரு புள்ளிக்காகக் காத்திருந்திருக்கிறார்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் சின்னத் தொலைநோக்கியை வைத்திருந்தபோது எதிர்வீட்டு அக்கா வந்தார். “சனி பகவானை இப்படிக் குழாய் வச்சுப் பாக்கலாமா தம்பி?” என்று தயங்கினார். பார்த்தபின் நகரவே இல்லை. “பக்கத்துல பொட்டு மாதிரி நிக்குதே, அது யாரு?” “டைட்டன்க்கா. அவரோட பெரிய நிலா.” ஃபீபியை அதில் காட்ட முடியாது. அது அவ்வளவு மங்கல். 1898இல் பெருவில் எடுத்த புகைப்படத் தகடுகளில்தான் அது முதன்முதலில் சிக்கியது.

அந்த மங்கலான ஃபீபிதான் ஐயாபீட்டஸின் முகத்தைக் கறுப்பாக்கியது என்று 1974இல் ஸ்டீவன் சோட்டர் சொன்னார். விண்கற்கள் மோதி ஃபீபியிலிருந்து கிளம்பும் தூசு சூரிய ஒளியின் விளைவால் மெல்ல மெல்ல உள்நோக்கி வருகிறது. தூசு ஒரு திசையில் வர, ஐயாபீட்டஸ் எதிர்த்திசையில் போகிறது. களத்தில் நெல் தூற்றும்போது காற்றுக்கு எதிரே நிற்பவர் முகத்தில் பதர் அப்புவதைப்போல, நிலாவின் முன்பக்கத்தில் மட்டும் தூசு அப்புகிறது. கறுத்த இடம் வெயிலை அதிகம் வாங்கும். அங்குள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த வெள்ளைப் பக்கம் போய் உறையும். கறுப்பு மேலும் கறுக்கும், வெள்ளை மேலும் வெளுக்கும்.

தூசுக்குச் சாட்சி 2009இல் கிடைத்தது. ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்தபோது, ஃபீபியின் பாதையை ஒட்டி ஒரு பிரம்மாண்ட வளையம் தெரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியுமானால், சனியின் இருபுறமும் ஒவ்வொரு முழுநிலா அகலத்துக்கு அது விரிந்திருக்கும். ஆனால் ஒரு கன கிலோமீட்டருக்குப் பத்து, இருபது துகள்தான்!

காசினியையும் திருநள்ளாற்றையும் சொன்னதால் நம் பக்கத்துக் கதை ஒன்று. காசினி இருந்த அதே பாரிஸ் வானாய்வகத்தில் தொழில் பழகிய லெ ஜென்டில் புதுச்சேரிக்கு வந்தார். 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்தவருக்கு மேகம் மறைத்துவிட்டது. ஆனால் இங்கே தமிழர்கள் மனப்பாட அட்டவணையும் சோழியும் கொண்டு கிரகணம் கணிப்பதைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தக் கணக்கு 41 விநாடிதான் குறைந்தது என்று அவரே பதிந்திருக்கிறார். திருநள்ளாற்றில் இன்றும் சனிப்பெயர்ச்சிக்கு நாள் குறிப்பது அந்த மரபில் வந்த வாக்கியப் பஞ்சாங்கம்தான். இதற்குத் தனியே ஒரு வாரம் வேண்டும்.

ஃபீபி மாட்டிய கதை அடுத்த வாரம். 2004 ஜூன் 11 அன்று காசினி பெயர் தாங்கிய விண்கலம் 2,068 கிலோமீட்டர் தொலைவில் அதைக் கடந்து போனது. அது அனுப்பிய படங்களும், ஃபீபியின் எடையைச் சொன்ன அளவுகளும் இதோ மேசைமேல் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)