ஒளியை அளக்கப் பழகுதல்: பான் நகரத்தில் எக்ஸ்போஷர் பாடம்

டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிவாகும் என்பதை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன. லென்ஸின் துளை எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பது அப்பர்ச்சர். ஒளி எவ்வளவு நேரம் உள்ளே விழுகிறது என்பது ஷட்டர் வேகம். சென்சார் தரும் மின் சமிக்ஞை எவ்வளவு பெருக்கப்படுகிறது என்பது ஐ.எஸ்.ஓ. இம்மூன்றின் கூட்டு விளைவையே எக்ஸ்போஷர் என்கிறார்கள். இதைக் கற்றுக்கொள்ள விலை உயர்ந்த கேமரா வேண்டியதில்லை. விதவிதமான வெளிச்சமும், எடுத்த படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் நாலு பேரும் இருந்தால் போதும். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் பான் நகரத்தில் இரண்டும் கிடைக்கின்றன.

ஒளியின் அளவு இரு மடங்காவதையோ பாதியாவதையோ படக்கலையில் ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். அப்பர்ச்சரை எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஏற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் ஒளி பாதியாகும். ஷட்டரை 1/125 நொடியிலிருந்து 1/250 நொடிக்கு மாற்றினாலும் பாதிதான். ஐ.எஸ்.ஓ. 100-ஐ 200 ஆக்கினால் படத்தின் வெளிச்சம் இரு மடங்காகும். ஆகவே எஃப் 8-இல் 1/250 நொடி வைத்தாலும், எஃப் 5.6-இல் 1/500 நொடி வைத்தாலும் வெளிச்சம் ஒன்றுதான். படங்கள்தான் வேறு வேறு. துளை அகலமானால் பின்னணி மங்கும். ஷட்டர் வேகம் கூடினால் ஓடும் சைக்கிள் உறைந்து நிற்கும். ஐ.எஸ்.ஓ. ஏற ஏற நிழல் பகுதிகளில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியத் தொடங்கும். எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் எக்ஸ்போஷர் பயிற்சியின் சாரம்.

கேமரா அளப்பது என்ன?

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே இருப்பது வெள்ளைச் சுவரா கறுப்புச் சிலையா என்று அறியாது. காட்சி எதுவானாலும் அதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே அது கணக்குப் போடுகிறது. காட்சியைப் பகுதி பகுதியாக ஆராயும் இன்றைய கேமராக்கள் ஓரளவு ஊகிக்கின்றன. ஆனாலும் அடிப்படை இதுவே.

பான் நகரின் மையத்தில் உள்ள மியூன்ஸ்டர் சதுக்கத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே 1845-இல் திறக்கப்பட்ட பீத்தோவன் வெண்கலச் சிலை நிற்கிறது. வடித்தவர் சிற்பி ஏர்ன்ஸ்ட் ஹேனல். மேகம் மூடிய வெண்மையான வானத்தின் முன்னே அந்தக் கருத்த சிலையைத் தானியங்கி முறையில் எடுத்தால், வானத்தின் பிரகாசத்தைக் கண்டு கேமரா ஒளியைக் குறைத்துவிடும். முகம், உடை மடிப்பு எதுவும் தெரியாமல் வெறும் நிழலுருவம் மிஞ்சும். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானில் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் வெண்கலத்தின் நுணுக்கங்கள் வெளிவரும், வானம் வெளுக்கும். ஸ்பாட் முறையில் சிலையின் முகத்தை மட்டும் அளப்பதானால், கருமை கருமையாகவே நிற்க ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். பனி பெய்த தோட்டத்தில், வெண்மை சாம்பலாகிவிடாமல் இருக்க ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

பீத்தோவன் மண்டபத்தின் அருகே இன்னொரு பாடம் இருக்கிறது. க்ளாவுஸ் காமரிக்ஸ் 1986-இல் கான்கிரீட்டில் உருவாக்கிய ‘பேத்தோன்’ என்ற பெரிய தலைச் சிற்பம் அது. காமரிக்ஸ் படக்கலையிலிருந்து சிற்பத்துக்கு வந்தவர். அருகில் நின்றால் கான்கிரீட் அடுக்குகள்தான் கண்ணில் படும். தள்ளி நின்றால் ஒளியும் நிழலும் சேர்ந்து இசைமேதையின் முகத்தைக் காட்டும். வெயில் சாய்ந்து விழும்போது ஒரு முகம், மேகமூட்டத்தில் வேறு முகம். ஒரே பொருளைப் பல நேரங்களில் படமெடுத்து ஒப்பிட விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

வெளிச்சத்தை ஒளிமானி இல்லாமலே மதிப்பிட ஒரு பழைய விதி உண்டு. பளிச்சென்ற வெயிலில் எஃப் 16 வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டரைச் சுமார் 1/100 நொடியில் வைப்பது. இந்த விதி சூரியன் உயரத்தில் இருக்கும் நேரத்துக்கானது. டிசம்பர் இறுதியில் சென்னையில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் இருக்கும். பான் நகரில் 16 பாகைதான். அவ்வளவு தாழ்ந்த சூரியனின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் வலுவிழக்கிறது. ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பழகிய கை அங்கே போனதும் திருத்திக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

செர்ரித் தெருவும் சிவப்பு நிறமும்

ஏப்ரலில் பான் நகரின் பழைய குடியிருப்பான ஆல்ட்ஷ்டாட்டில் உள்ள ஹேர் தெருவுக்குக் கேமராவும் கைப்பேசியுமாகக் கூட்டம் திரள்கிறது. 1980-களில் நகரச் சீரமைப்பின்போது நட்ட ஜப்பானிய செர்ரி மரங்கள் இருபுறமும் பூத்து, தெருவின் மேல் இளஞ்சிவப்புக் கூரை போட்டுவிடும். பூத்திருப்பது இரண்டு வாரம் போலத்தான்.

புதியவர்கள் பலர் இங்கே ஏமாறுவது சிவப்பில். படத்தில் எத்தனை புள்ளிகள் இருட்டு, எத்தனை நடுத்தரம், எத்தனை வெளிச்சம் என்று காட்டும் வரைபடம் ஹிஸ்டோகிராம். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. வலது சுவரில் முட்டி நிற்கும் பகுதியில் விவரம் அழிந்துபோயிருக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. பொதுவான ஹிஸ்டோகிராம் பச்சை நிறத்துக்கே அதிக மதிப்பளிப்பதால், செர்ரிப் பூவின் சிவப்பு நிரம்பி வழிந்த பின்னும் அது ‘எல்லாம் நலம்’ என்று காட்டக்கூடும். இதழ்களின் மடிப்பும் நரம்பும் மறைந்து, பூங்கொத்து தட்டையான சாயப்பூச்சாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் வசதியைத் திறந்து பார்த்து, அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ குறைத்து எடுப்பதே மருந்து. செம்பருத்தியையும் பட்டுப் புடவையையும் எடுப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

ஒரே சட்டகத்தில் கடும் வெளிச்சமும் ஆழ்ந்த நிழலும் சேர்ந்தால் சோதனை இன்னும் கடுமை. பான் இருக்கும் அதே மாநிலத்தில், ஹாம் நகரில், ஈழத்தமிழர் எழுப்பி 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழா அப்படிப்பட்டது. வெயிலில் மின்னும் வெள்ளை வேட்டி, மாநிறமும் கறுப்புமான தோள்கள், தேர்ச்சீலைகளின் நிறங்கள் எல்லாம் ஒன்றாகச் சட்டகத்துக்குள் வரும். வேட்டியின் மடிப்பு அழியாத அளவுக்கு ஒளியைக் குறைத்து, கோப்பை ‘ரா’ வடிவில் பதிந்துகொண்டு, முகங்களைப் பிறகு மென்பொருளில் தூக்கிவிடுவது ஒரு வழி. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் உண்டு. நிழலைத் தூக்கும்போது படம் உடையாமல் தாங்குவது இந்த வேறுபாட்டால்தான். முகங்களே முக்கியம் என்று கருதுபவர், வேட்டி வெளுத்தாலும் பரவாயில்லை என்று முகத்தை அளந்து எடுக்கலாம். கறுத்த முகத்தை அதன் இயல்பான நிறத்தோடும் ஒளியோடும் காட்டுவது படமெடுப்பவரின் கடமை. அதைத் தானியங்கியிடம் விட்டுவிடக் கூடாது.

இருட்டில் எடுப்பது

கேமராவைக் கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸின் குவியத் தூரத்துக்கு ஏற்ப ஷட்டர் வேகம் இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம்: 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50 நொடிக்குக் குறையாமல். மியூன்ஸ்டர் தேவாலயத்தின் மங்கிய உட்புறத்தில் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600 வரை போக வேண்டி வரலாம். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம். கை அசைந்து கலங்கிய படத்தைச் சரிசெய்வது அரிது. லென்ஸின் அசைவுத்தடுப்பு கை நடுக்கத்தை மட்டுமே ஈடுகட்டும்; நடந்துபோகும் மனிதர் கலங்கித்தான் தெரிவார்.

மே மாத முதல் சனிக்கிழமையில் நடந்துவரும் ‘தீச்சுடரில் ரைன்’ விழா இரவுப் படத்துக்குப் புகழ்பெற்றது. விளக்கலங்காரம் செய்த கப்பல்கள் வரிசையாக வர, 1979-இன் தேசியத் தோட்டக் கண்காட்சிக்காக உருவான ரைனாவ பூங்காவின் மேல் வாணவேடிக்கை நடக்கும். வாணத்தின் பொறி, சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் கணநேரமே கடந்து போகிறது. ஆகவே கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்வது துளையும் ஐ.எஸ்.ஓ.வும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம், எத்தனை வாணங்கள் படத்தில் சேரும் என்பதை மட்டுமே முடிவு செய்யும். முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ஃபோகஸைக் கையால் நிலைநிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 முதல் 11, இரண்டு முதல் நான்கு நொடி என்று தொடங்கலாம். கப்பல் விளக்குகள் கோடாகாமல் தெளிவாக வேண்டுமென்றால் அதற்குத் தனிப் படம், குறைந்த நேரத்தில்.

பகிர்வதும் கற்பதே

தனியாக எடுத்துப் பார்ப்பதைவிட, அருகருகே வைத்து ஒப்பிடும்போது பாடம் விரைவாக மனதில் பதியும். ஜெர்மனியின் நகரங்களில் பொதுமக்களுக்கான மாலைநேரக் கல்வியைத் தருவது ஃபோக்ஸ்ஹோக்ஷூல என்னும் மக்கள் கல்விக்கூடம். பான் நகரிலும் அது இயங்குகிறது, படக்கலை வகுப்புகளும் அதில் உண்டு. நகரந்தோறும் அமெச்சூர் படச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரே இடத்துக்கு ஒரே மாலையில் பலர் சேர்ந்து போய், திரும்பி வந்து படங்களை விவாதிப்பது அவற்றின் வழக்கம்.

பகிரும் படத்தோடு அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ., எடுத்த நேரம் ஆகியவற்றைச் சொல்வது முதல் மரியாதை. இந்த விவரங்களைக் கேமராவே எக்சிஃப் குறிப்பாகக் கோப்பில் எழுதிவைக்கிறது. செய்திச் செயலிகள் பல அனுப்பும்போது அதை நீக்கிவிடும் என்பதால் தனியாக எழுதுவது நல்லது. வீட்டில் எடுத்த படமானால் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். கருத்துச் சொல்பவர் ‘அருமை’ என்று நிறுத்தாமல், எங்கே வெளுத்தது, எங்கே இருண்டது, எந்த அளவை மாற்றியிருக்கலாம் என்று சுட்டினால் எடுத்தவருக்குப் பயன்படும். பிரகாசத்தைக் கூட்டி வைத்த திரையில் எந்தப் படமும் வெளிச்சமாகவே தெரியும். ஐயம் வந்தால் ஹிஸ்டோகிராமையே நம்ப வேண்டும்.

உலகோடு பகிர விரும்புவோருக்கு விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுக் களஞ்சியம் 2004 முதல் இருக்கிறது. நெதர்லாந்தில் 2010-இல் தொடங்கிய ‘விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ்’ போட்டியில் ஜெர்மனி 2011 முதல் கலந்துகொள்கிறது. பழங்கட்டடங்களின் படங்கள் ஆண்டுதோறும் செப்டம்பரில் இதன் வழியே சேர்கின்றன. இங்கே தரும் படத்தை எவரும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம் என்ற உரிமத்துக்கு எடுத்தவர் உடன்பட வேண்டும்.

சட்டமும் மனிதரும்

பொதுத் தெருவிலும் சதுக்கத்திலும் நிரந்தரமாக நிற்கும் கலைப்படைப்பைப் படமெடுத்து வெளியிட ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ‘பேத்தோன்’ சிற்பத்தின் படத்தைத் தயங்காமல் பகிர முடிவது இதனால்தான். கட்டடமானால் வெளிப்புறத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை. ட்ரோன் மூலம் வானிலிருந்து எடுத்த படத்துக்கு இது பொருந்தாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது.

மனிதர்களின் படத்துக்கு 1907-இன் சட்டம் காவல் நிற்கிறது. 1898-இல் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த அறைக்குள் இரண்டு படக்காரர்கள் புகுந்து உடலைப் படமெடுத்த சம்பவம் அந்தச் சட்டத்துக்குத் தூண்டுகோலானது. ஒருவரின் படத்தை அவர் சம்மதமின்றிப் பரப்பக் கூடாது என்பது விதி. நிலக்காட்சியில் தற்செயலாக வந்தவர்களும் ஊர்வலத்தில் கலந்துகொண்டவர்களும் விலக்கு. செர்ரித் தெருவில் தூரத்தில் நடக்கும் கூட்டத்தை எடுக்கலாம். பூக்களுக்குக் கீழே நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்து வெளியிட வேண்டுமானால், முதலில் அவரிடம் கேட்க வேண்டும். சட்டம் வேறாக இருக்கும் நாடுகளிலும் கடைப்பிடிக்கத் தகுந்த நெறி இது: வெளிச்சத்தை அளப்பதற்கு முன் எதிரே இருப்பவரின் சம்மதத்தைப் பெறுவது, எடுத்த படத்தை முதலில் அவருக்குக் காட்டுவது, அவர் வேண்டாம் என்றால் அதை அழித்துவிடுவது.