வெண்பனியில் ஒரு டாங்கி
சோஜிலாக் கணவாயைச் சிற்றுருவில் அமைக்கும் முறை

பெரியதோர் காட்சியைச் சிறிய உருவில் சமைத்துக் கண்டு மகிழ்தல் மக்களுக்கு இயல்பாயமைந்த விருப்பமாகும். நவராத்திரிக் கொலுவில் படிகளின் அருகே ஒரு கிராமத்தையே அமைத்து, குளமும் கோயிலும் சந்தையும் காட்டுவார் உளர். கிறிஸ்து பிறப்புத் திருநாளில் குடில் கட்டி, வைக்கோல் வேய்ந்து, அதன்மேல் பஞ்சைப் பனியெனத் தூவுவாரும் உளர். இவ்வகைக் காட்சியை மேல்நாட்டார் டயோராமா என்பர். 1822-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் டகேர் என்பவர், பெருந்திரைகளில் தீட்டிய ஓவியங்களின்மேல் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சிக் காட்டிய காட்சிசாலைக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. பின்னர், சிற்றுருக்களைக் கொண்டு ஒரு நிகழ்ச்சியைக் காட்டும் அமைப்பிற்கும் அதுவே பெயராயிற்று. நாம் அதனைக் காட்சிப்பேழை என்போம்.

இவ்வாண்டு மாணவர் சிலரோடு கூடி, பனிக்காலப் போர்க்காட்சியொன்றை டாங்கியுடன் அமைக்க நாம் எண்ணினோம். பனிப்போர் என்றதும் உலகெங்கும் இக்கலை பயில்வோர் ஸ்டாலின்கிராடையும், 1944-ஆம் ஆண்டின் ஆர்டென் காட்டையுமே நாடுவர். நமக்கோ அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டிலேயே, தமிழர் கைபட்ட பனிக்கணவாய் ஒன்று உண்டு. அதுவே காஷ்மீரத்தினின்று லடாக்கிற்குச் செல்லும் வழியிலுள்ள சோஜிலா.

முதற்கண் அதன் சரித்திரத்தை அறிதல் வேண்டும். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் அமைந்தது அக்கணவாய். நமக்கு அண்மையிலுள்ள சேர்வராயன் மலை 5,300 அடியளவினது. நீலகிரியின் தொட்டபெட்டாவும் 8,700 அடியைத் தாண்டாது. 1948-ஆம் ஆண்டில் எதிரணியினர் இக்கணவாயைக் கைக்கொண்டு, பாறைகளின் இடுக்கில் இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தியிருந்தனர். செப்டம்பரில் காலாட்படையினர் செய்த முயற்சி பலிக்கவில்லை. பனி முற்றினால் வழி முழுதும் அடைபடும். லே நகரம் குளிர்காலம் முழுவதும் துணையின்றி நிற்க நேரிடும். அந்நிலையில் தளபதி திம்மையா, ஒருவரும் எதிர்பாரா வண்ணம் டாங்கிகளை அம்மலைமீது ஏற்றத் துணிந்தார். ஏழாம் இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள், சுழற்கூண்டுகள் கழற்றப்பட்டு, கித்தான் போர்த்தி மறைக்கப்பட்டு, ஜம்முப் பகுதியிலிருந்து மறைவாகக் கொண்டுவரப்பட்டன. நவம்பர் 1-ஆம் நாள், பனி பெய்துகொண்டிருக்கையிலேயே அவை கணவாயைக் கடந்தன. அம்மாதம் முடியுமுன் திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டு, லேக்குச் செல்லும் வழி திறந்தது. அதுகாறும் உலகில் எப்போரிலும் அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் செலுத்தப்பட்டதில்லை.

ஆயின் டாங்கி தானாக மலையேறுமோ? பால்டாலிலிருந்து கணவாய்க்குச் சென்றது கோவேறு கழுதைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதையே. அதனை டாங்கி செல்லும் சாலையாக்கியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறிப்படையின் இரண்டு கம்பெனியார். அவர்களை நடத்தியவர் மேஜர் தங்கராஜு. 1780-இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையினரைத் ‘தம்பிகள்’ என்றே ராணுவத்தார் அன்புடன் அழைப்பர். தொப்பூர்க் கணவாயில் பாரவண்டிகள் முனகிக்கொண்டு ஏறுவதைக் கண்ட நமக்கு, செம்மையான தார்ச்சாலையிலும் ஏற்றம் எத்தகையதென்பது தெரியும். சோஜிலாவின் உயரத்திலோ காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. அங்கு எந்திரமும் இளைக்கும், மனிதனும் இளைப்பான். அவ்விடத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு பாறையை வெட்டினர் என்பதை நினைவிற்கொண்டே நம் வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி அளவைக் கூறுவோம். இக்கலையில் பெரிதும் வழங்குவது முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவு. ஸ்டூவர்ட் எம்5 வகை டாங்கி சுமார் 15 டன் எடையும், ஏறத்தாழ 4.8 மீட்டர் நீளமும், 2.3 மீட்டர் உயரமும் உடையது. சிற்றுருவில் அதன் நீளம் 14 சென்டிமீட்டருக்குச் சற்றே குறையும். உயரம் ஆறரை சென்டிமீட்டராகும். மனிதன் ஐந்து சென்டிமீட்டருக்கும் சிறிது குறைவாய் நிற்பான். 40 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டரான பலகையை எடுத்துக்கொண்டால், அது மெய்யான நிலத்தில் 14 மீட்டருக்குப் பத்தரை மீட்டரே ஆகும். ஆகவே கணவாய் முழுவதையும் காட்ட முயலுதல் வீண். சாலையின் ஒரு வளைவு, ஒரு பாறைச் சரிவு, ஒரு டாங்கி, சில மனிதர்: இவ்வளவே அப்பலகையில் அடங்கும்.

நிலத்தை அமைக்கத் தெர்மோகோல் அட்டைகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டிக் கத்தியால் செதுக்குக. அதன்மேல் காகிதக்கூழையும் பிளாஸ்டர் ஆப் பாரிஸையும் பூசுக. இப்பூச்சின்றித் தெளிப்பு வர்ணத்தை நேரே அடித்தால், அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துவிடும். உலர்ந்த மரப்பட்டைத் துண்டுகளைச் செங்குத்தாகப் பதித்துச் சாம்பல் நிறம் தீட்டினால் அவை பாறைகளாய்த் தோன்றும். மரம் ஒன்றும் நடலாகாது. வாழ்த்து அட்டைகளில் பனியும் ஊசியிலை மரங்களும் கூடியே காணப்படினும், சோஜிலாவின் உச்சியில் மரங்கள் இல்லை. கண்ணுக்கு இனிமை வேண்டி ஒரு மரத்தை நட்டாலும் இடம் பொய்யாகிவிடும்.

பனியே இவ்வேலையில் மிக அரியது. குடிலுக்கு அழகு செய்யும் பஞ்சு இங்கு உதவாது. அதன் இழைகள் இச்சிற்றுருவின் அருகே நூலாகவே தோன்றும். ரவையோ இன்னும் தகாதது. அரை மில்லிமீட்டர் ரவை முப்பத்தைந்து மடங்கு பெருத்தால் சுண்டைக்காயினும் பெரிதாகும். அது பனியன்று, கல்மழை. அரிசிமாவையும் சர்க்கரையையும் எறும்புகள் விட்டுவைக்கா; உப்பு நம் மழைக்காலத்தில் நீர்த்துவிடும். சமையல் சோடா முதலில் வெண்மையாயிருந்து நாளடைவில் மஞ்சளிக்கும். நம் வீட்டு வாயிலில் இடும் வெண்கல் கோலமாவே ஏற்றது. வைத்தியர் மருந்தை வஸ்திரகாயம் செய்வதுபோல அதனை மெல்லிய துணியில் சலித்து, வெள்ளைப் பசையும் வெண்ணிற வர்ணமும் சிறிது நீரும் கூட்டிக் குழைத்துப் பூசுக. ஈரம் உலருமுன் டாங்கியின் சங்கிலிப்பட்டையை அழுத்தித் தடம் பதிக்க. மேலே உலர்ந்த மாவைச் சல்லடையால் தூவுக. தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் அவசியம்.

பனிக்கும் ஒழுங்கு உண்டு. காற்று வீசும் பக்கம் ஒன்றாயின், பாறைகளின் மறுபுறத்திலேதான் அது குவியும். பள்ளங்களில் அதன் நிழல் சற்று நீலமாய்த் தோன்றும். சக்கரம் உழுத தடத்தில் சேறு கலந்து கருக்கும். டாங்கியின் கிடைத்தளங்களில் பனி தங்கும். ஆயின் எந்திரத்தின்மேலுள்ள பின்தளம் வெப்பத்தால் ஈரமாகவே இருக்கும். எம்5 வகையில் காடிலாக் மோட்டார் எந்திரங்கள் இரண்டு பொருந்தியிருத்தலின் பின்தளம் உயர்ந்திருக்கும். முன்னைய எம்3 வகையினின்று அதனைப் பிரித்தறிய அதுவே அடையாளம். இங்ஙனம் ஒவ்வொன்றிற்கும் காரணம் கண்டு அமைப்பதே இக்கலை தரும் கல்வியாகும். பௌதிகமும் பூகோளமும் சரித்திரமும் ஒரே பலகையில் சந்திக்கின்றன.

இறுதியில், எந்தக் கணத்தைக் காட்டுவது என்னும் கேள்வி எழுந்தது. மாணவருட் சிலர், பீரங்கி தீயுமிழும் கணத்தையே விரும்பினர். அது பார்ப்போரைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் போர் விளையாட்டுப் பொருளன்று. இரு பக்கத்தும் தாய்மார் பெற்ற மக்களே அக்குளிரில் மாண்டனர். அவர்தம் சாவைக் கண்காட்சியின் அலங்காரமாக்க நமக்கு உரிமையில்லை. அன்றியும், நம் சுற்றுப்புறத்து ஊர்களில் ராணுவ சேவை புரிந்தோர் குடும்பங்கள் உண்டு. அவர்களும் காண வருவர். தம் பாட்டனார் ஏந்திய மண்வெட்டியை அவர்கள் அங்கே காண வேண்டாமா?

ஆதலின், தாக்குதலுக்கு முந்திய ஒரு கணத்தைத் தேர்ந்தோம். வளைவில் டாங்கி நிற்கிறது. அதற்கு முன்னே தம்பிகள் நால்வர், சங்கிலிப்பட்டை நழுவாவண்ணம் சாலையோரத்தில் கல் அடுக்குகின்றனர். ஒருவன் கைகளை வாயருகே குவித்து ஊதிச் சூடேற்றுகிறான். மற்றொருவன் நிமிர்ந்து, இனி ஏற வேண்டிய சரிவை நோக்குகிறான். டாங்கி காட்சியின் பெரும்பகுதியைக் கொண்டிருப்பினும், காண்போர் கண் முதலில் சென்று தங்குவது அம்மனிதர்மேலேயே. டாங்கியை நடுவிலன்றிச் சற்றே பின்னாக, வளைவின் ஓரத்தில் நிறுத்தியதன் பயன் இது.

பனியைக் கண்ணால் கண்டிராத நம் தருமபுரி மாணவர்க்கு இத்தகைய வேலை எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். 1948-இல் அங்கே பாறை வெட்டிய தம்பிகளுள்ளும் பலர் அதற்குமுன் பனியைக் கண்டிராத நாட்டினரே. அவர்கள் கையால் அறிந்ததை நாம் சிற்றுருவிலேனும் கையால் அறிதல் நன்று. நூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் சாலையை, கல்மேல் கல்லாக அடுக்கிப் பார்த்தவன் பிறகு எளிதில் மறவான். வரும் ஆண்டில் இவ்வேலையை மேற்கொள்ளும் மாணவர்கள் வேறொரு கணவாயையோ, ஒரு பாலத்தையோ, நம் மாவட்டத்திலேயே ஓர் ஏரிக்கரையையோ தேர்க. எதைத் தேர்ந்தாலும், அதனைக் கட்டிய கைகளுக்கு அக்காட்சியில் ஓரிடம் வைக்க மறவாதிருப்பாராக.