பல்லைத் தொலைத்த சங்குகள்

பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் ஒரு சுண்ணாம்புக் குழாயைப் பார்த்துவிட்டு, புழு கட்டிய வீடு இது என்று முடிவு செய்தார். கடலடிப் பாறைகளில் குழாய் கட்டி வாழும் செர்புலா புழுக்களின் வரிசையிலேயே அதைச் சேர்த்தும் விட்டார். அதன் பெயர் மாகிலஸ். 1810-ல் மோன்ஃபோர் என்பவர் சூட்டிய பெயர். லமார்க்கைக் குறை சொல்ல முடியாது. சங்கு என்றால் சுருள் வேண்டும். இதுவோ கோணல்மாணலான, கனத்த கல் குழாய். அதன் அடிநுனியை உற்றுப் பார்த்தால்தான் சின்னஞ்சிறு சுருள் ஒன்று தெரியும். அது சங்கின் குழந்தைப் பருவம்.

மாகிலஸ் இளமையில் எல்லாச் சங்குகளையும் போலத்தான் சுருண்டு வளர்கிறது. ஆனால் அது குடியேறும் இடம் உயிருள்ள பவளம். பவளம் தன் சுண்ணாம்பு உடலை நாலாபுறமும் வளர்த்துக்கொண்டே போகும். சங்கு சும்மா இருந்தால் உயிரோடு சமாதிதான். தார்ச்சாலை போடப் போடத் தெரு மேடேறிக்கொண்டிருக்க, மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசற்படியைத் தூக்கித் தூக்கிக் கட்டுகிறோமே, அதையேதான் மாகிலஸும் செய்கிறது. சுருள்வதை நிறுத்திவிட்டு, ஓட்டின் வாயைப் பவளத்தின் மேற்பரப்பை நோக்கிக் குழாயாக நீட்டுகிறது. உடம்பும் குழாயோடு மேலே நகர்கிறது. காலியான பழைய அறைகளை அப்படியே விடுவதில்லை. சுண்ணாம்பால் அடைத்துக் கெட்டியாக்கிவிடுகிறது. லமார்க்கின் கைக்குக் குழாய் கிடைத்ததே தவிர, உள்ளிருந்த உயிரின் வரலாறு கிடைக்கவில்லை.

இத்தகைய பவளவாசிச் சங்குகளில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கோரலியோஃபிலினே என்பது கூட்டத்தின் பெயர். ‘பவளத்தை விரும்புபவை’ என்று பொருள். எல்லாமே பவளங்களையோ அவற்றின் உறவினரான கடற்சாமந்தி போன்றவற்றையோ அண்டிப் பிழைப்பவை. எல்லாவற்றுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு: வாயில் பல் கிடையாது.

சங்குக்கு ஏது பல் என்று கேட்கலாம். பெரும்பாலான நத்தைகளின் வாய்க்குள் ராடுலா என்றொரு நாடா இருக்கிறது. அரத்தைப் போல வரிசை வரிசையாகப் பற்கள் பதித்த நாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து நத்தை இலையைச் சுரண்டித் தின்பது இதைக் கொண்டுதான். பவளவாசிகளின் தாய்க்குடும்பமான ம்யூரிசிடேயில் இந்த நாக்கு ஒரு கொலைக்கருவி. ரோமாபுரி அரசர்களின் ஊதா அங்கிக்குச் சாயம் கொடுத்த, முள்ளும் மொட்டுமாக இருக்கும் சங்குகளின் குடும்பம் அது. அதைச் சேர்ந்த பல இனங்கள் சிப்பியின் மேல் ஏறி உட்கார்ந்து, பாதத்திலுள்ள ஒரு சுரப்பியால் ஓட்டை இளக்கி, ராடுலாவால் சுரண்டித் துளை போட்டு, உள்ளே இருப்பதைத் தின்கின்றன. அப்படிப்பட்ட வேட்டைக்காரப் பரம்பரையில் பிறந்த ஒரு கிளை, ஆயுதத்தையே தொலைத்துவிட்டது.

பவளத்தைத் தின்னப் பல் எதற்கு? பவளத்தின் உயிருள்ள பகுதி பாலிப் என்னும் மென்மையான சிற்றுயிர்களால் ஆன மெல்லிய தோல். அதைக் குடிக்க உறிஞ்சுகுழல் போதும். பவளவாசிகள் தசையாலான நீண்ட குழலை நீட்டி உறிஞ்சுகின்றன. தேவையில்லாத பல் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து, ஒரேயடியாக மறைந்துவிட்டது.

உறிஞ்சும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. கோரலியோஃபிலா வயலேசியா என்ற ஊதாவாய்ச் சங்கு, போரைட்டிஸ் என்னும் உருண்டைப் பவளத்தின் மேல் மாதக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மன்னார் வளைகுடாவில் பெரிய பாறை உருண்டைகளாகக் கிடக்கும் பவளங்களும் இந்தப் போரைட்டிஸ் வகைதான். ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்றால் சாப்பாடு தீர்ந்துபோக வேண்டாமா? தீர்வதில்லை. 1998-ல் இஸ்ரேலின் ஓரென், பிரிக்னர், லோயா மூவரும் செங்கடலில் ஆராய்ந்து காரணத்தைச் சொன்னார்கள். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலில் உணவு சமைக்கின்றன. அந்த உணவில் கதிரியக்கக் கார்பனைக் கலந்து, எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். சங்கு காயப்படுத்திய இடத்தைச் சரிசெய்யப் பவளம் சுற்றுப்புறத்திலிருந்தெல்லாம் உணவை அங்கே அனுப்புகிறது. அனுப்பியது சங்கின் வயிற்றுக்குள் போகிறது. மாட்டைக் கொல்லாமல் பால் கறப்பது போல. வேட்டையாடிக் கொல்லும் உறவுக்காரச் சங்குகளைவிட இதைத்தான் நான் கெட்டிக்காரன் என்பேன்.

எல்லாப் பவளவாசியும் இத்தனை சாது இல்லை. கரீபியன் கடலில் இதே பேரினத்துச் சங்கு ஒன்று, அக்ரோபோரா பால்மேட்டா என்ற கிளைப்பவளத்தின் தோலைப் பெரிய பரப்பில் உரித்துவிடுகிறது. 2006-ல் அமெரிக்க அரசு அழியும் ஆபத்திலுள்ளதாக அறிவித்த பவளம் அது. ஃப்ளோரிடாவில் ஆய்வாளர்கள் முக்குளித்து அந்தச் சங்குகளைக் கையால் பொறுக்கி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பல் இழக்காத ட்ருபெல்லா என்ற தூரத்து உறவினமோ இன்னும் மோசம். அது 1980-களில் பெருகி மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்காலூ திட்டில் பவளங்களை வெள்ளெலும்பாக்கியது.

வீட்டைவிட்டு வெளியே போகாத வாழ்க்கைக்கு இல்லறமும் ஏற்ப அமைந்திருக்கிறது. ஊதாவாய்ச் சங்கு முதலில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாகிவிடும். பெண் தன் முட்டைப் பொதிகளைக் கல்லில் ஒட்டாமல் ஓட்டுக்குள்ளேயே, உடலைப் போர்த்தியிருக்கும் மேலுறையின் அடியில் வைத்துக் காக்கிறது. குஞ்சுகள் நீந்தும் பருவத்தில் வெளியேறி, கடலோட்டத்தோடு வேறொரு பவளத்தைத் தேடிப் போகின்றன.

இவற்றை வகைப்படுத்துவதுதான் பெரும்பாடு. ட்ரோஷல் என்ற ஜெர்மானியர் 1856 முதல் நத்தைகளின் பல்வரிசை பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். அன்றிலிருந்து சங்கின் குலம் கோத்திரத்தை ராடுலாவை வைத்தே சொல்வது வழக்கமாயிற்று. பல்லே இல்லாதவற்றை என்ன செய்வது? தனிக் குடும்பமாக ஒதுக்கி வைத்தார்கள். மாகிலிடே என்றும் கோரலியோஃபிலிடே என்றும் நெடுங்காலம் அது வழங்கியது. பிறகு ரோமின் மார்கோ ஒலிவேரியோ போன்றவர்கள் மரபணுக்களை ஒப்பிட்டபோது, இவை ம்யூரிசிடேயின் நடுவிலிருந்தே கிளைத்தவை என்பது உறுதியானது. இல்லாத ஓர் உறுப்பை வைத்துக் குடும்பம் பிரித்தது தவறு. இப்போது அது துணைக்குடும்பம்தான்.

ஓட்டை நம்பலாமா என்றால் அதுவும் காலை வாரிவிடுகிறது. ஆழ்கடலில் வாழும் லேட்டியாக்சிஸ் வகைகளின் ஓடு கோபுரத்தில் முள் முளைத்தது போல அலங்காரமாக இருக்கும். சங்கு சேகரிப்பவர்கள் அவற்றுக்காக ஏங்குவார்கள். அதே கூட்டத்தில், லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட ராபா ராபா இருக்கிறது. லத்தீனில் ராபா என்றால் டர்னிப் கிழங்கு. பெயருக்கேற்ற உருண்டை வடிவம், விரலால் அழுத்தினால் நொறுங்கும் ஓடு. மென்பவளத்தின் சதைக்குள் புதைந்து வாழ்வதற்குக் கனத்த ஓடு எதற்கு? பாறைமேல் உட்காரும் ஊதாவாய்ச் சங்கின் ஓட்டிலோ சுண்ணாம்புப் பாசி படர்ந்து உருவமே தெரியாது.

தட்டைக் காளான் போலிருக்கும் ஃபங்கியாப் பவளங்களுக்குள் துளையில் வாழும் லெப்டோகோங்கஸ் சங்குகள்தாம் உச்சம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சிறு ஓட்டை மட்டும் தெரியும். துளையிலிருந்து எடுத்துப் பார்த்தாலும் ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் காண்பது அரிது. நெதர்லாந்தின் அட்ரியான் கிட்டன்பர்கரும் எட்மண்ட் கிட்டன்பர்கரும் எகிப்து முதல் ஆஸ்திரேலியா வரை பல கடல்களிலிருந்து கிடைத்தவற்றின் டி.என்.ஏ.வைப் பார்த்து, 2011-ல் 14 புதிய இனங்களை ஒரேயடியாக அறிவித்தார்கள். வடிவத்தில் ஒன்று, மரபணுவில் பதினான்கு. அவற்றை அடையாளம் காண அடுத்த நல்ல வழி, எந்தப் பவளத்துக்குள் குடியிருக்கிறது என்று பார்ப்பது. ஆளைவிட முகவரியே தெளிவாகப் பேசுகிறது. ஊதாவாய்ச் சங்கிலும் வெவ்வேறு போரைட்டிஸ் இனங்களில் வாழ்பவை அருகருகே இருந்துகொண்டே மரபணுவில் பிரிந்து போவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதனால், முக்குளிக்கும்போது இப்படி ஒரு சங்கு கண்ணில் பட்டால் அதை மட்டும் படமெடுக்காதீர்கள்; அது உட்கார்ந்திருக்கும் பவளத்தையும் சேர்த்துத் தெளிவாக எடுங்கள். பெயர் அங்கேதான் இருக்கிறது. உள்ளே இருப்பதைப் பார்க்கும் ஆசையில் பவளத்தை உடைக்க வேண்டாம். இந்தியாவில் கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு.