தரைத்தளத்தில் வெள்ளம்: நட்டத்தில் யாருக்கு என்ன பங்கு?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் நின்றது. வடிந்த பிறகு வாடகை வீடுகளில் தகராறு தொடங்கியது. ஊறிப்போன சுவரையும் கெட்டுப்போன வயரிங்கையும் சரிசெய்யும் செலவு யாருடையது? குடியிருக்க முடியாத நாள்களுக்கும் வாடகை உண்டா? பெரும்பாலும் அட்வான்ஸைக் கையில் வைத்திருப்பவர் சொன்னதே தீர்ப்பாகிவிடுகிறது. இது பெரிய அநியாயம். ஏனென்றால் இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்குச் சட்டம் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருக்கு. குடியிருப்பவர் சேதப்படுத்தியதை அவரே சரிசெய்ய வேண்டும் என்பது வேறு விஷயம். வெள்ளம் அவர் செய்த சேதமல்ல. உப்பிப்போன சுவரைப் பூசிய செலவை அட்வான்ஸில் பிடித்தால், "அட்டவணையைப் பாருங்கள், சார்" என்று தயங்காமல் சொல்லலாம். பேசியும் தீராவிட்டால் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் போகலாம். ஆனால் ஒப்பந்தம் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். பலர் இடறுவது இந்த இடத்தில்தான்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவும் துணைக்கு வரும். வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அறிவிப்பு எழுத்தில் இருக்கட்டும். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

சிக்கலானது வாடகைதான். வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தாலோ, நிரந்தரமாகக் குடியிருக்க லாயக்கற்றுப் போனாலோ, வாடகை ஒப்பந்தம் இனிச் செல்லாது என்று விலக அதே பிரிவு குடியிருப்பவருக்கு உரிமை தருகிறது. இரண்டு வாரம் தண்ணீர் நின்று வடிந்தால்? அது நிரந்தரச் சேதம் ஆகாது; இந்தப் பிரிவை வைத்து வாடகையைத் தள்ளச் சொல்ல முடியாது. ஆகவே அடுத்த முறை 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, வெள்ளத்தால் குடியிருக்க முடியாத நாள்களுக்கு வாடகை இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு கேட்டால் பல வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள்.

புது அடுக்ககத்தில் சொந்தமாக வீடு வாங்கியவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், 30 நாள்களுக்குள் கட்டுநர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்.

அரசின் பங்கு? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்த விதத்தையும் குறை கூறியது. தவறு அரசு நிர்வாகத்தினுடையது என்றால் நட்டத்திலும் அதற்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் நடைமுறையில் கிடைப்பது நிவாரணம் மட்டும்தான். மிக்ஜாமுக்குப் பின் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வந்தது. ஒரு வாஷிங் மெஷினுக்குக்கூட அது காணாது.

மிச்சத்தை ஏற்க வேண்டியது இன்சூரன்ஸ். வீட்டுக்காரர் எடுத்த பாலிசி உங்கள் டிவிக்கும் பீரோவுக்கும் பணம் தராது. வீட்டுக்கடனோடு வங்கி எடுக்கவைக்கும் பாலிசியும் பல நேரம் கட்டடத்துக்கு மட்டும்தான். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாவற்றையும் ஏற்கிறது. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்ச ரூபாய்க்கு, வீட்டுப் பொருள்களுக்கும் சேர்த்தே காப்பீடு கிடைக்கும். வாடகைக்கு இருப்பவர் பொருள்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம்.

காரில் இன்னும் கவனம் வேண்டும். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. முழுப் பாலிசி இருந்தும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சினுக்கான கூடுதல் காப்பு இல்லாதவர்களின் கிளெய்மை நிறுவனங்கள் மறுக்கும். சாவியைத் தொடாதீர்கள், மெக்கானிக் இழுத்துச் செல்லட்டும்.

வீட்டைக் கழுவித் தள்ளும் முன் சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டையும் ஒவ்வொரு பொருளையும் படம் எடுங்கள். சர்வேயர் வரும்வரை கெட்டுப்போன பொருளைக் குப்பையில் போட வேண்டாம். கிளெய்மை மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். 30 நாள்களில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.