எல்லோரும் ஜெயிக்கும் ஆட்டம்!

விளையாட்டு என்றால் ஒருவர் ஜெயிப்பார், மற்றவர் தோற்பார். தாயம் ஆனாலும் சரி, சதுரங்கம் ஆனாலும் சரி, இதுதான் வழக்கம். தோற்ற பிள்ளை அழும். ஜெயித்த பிள்ளை கேலி செய்யும். அம்மா வந்து சமாதானம் செய்யவேண்டும்!

இந்தச் சண்டைக்கு இடம் இல்லாத ஆட்டங்கள் இப்போது பல நாடுகளில் பரவி வருகின்றன. ஜெயித்தால் எல்லோரும் ஜெயிப்பார்கள். தோற்றால் எல்லோரும் தோற்பார்கள்.

இவற்றில் பெயர் பெற்றது, "பாண்டமிக்" என்ற ஆட்டம். அமெரிக்காவைச் சேர்ந்த மாட் லீகாக் உருவாக்கிய இந்த ஆட்டம், 2008-ம் ஆண்டு வெளிவந்தது.

எதிரி யார்?

"பாண்டமிக்" என்றால், உலகம் முழுவதும் பரவும் கொள்ளைநோய் என்று பொருள். அந்த நோய்தான் எதிரி!

பலகையில் உலகப் படம் இருக்கும். அதில் 48 நகரங்கள். நம் சென்னையும் உண்டு! நோய்கள் 4 வகை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிறத்தில் சிறு கட்டைகள்.

ஒரு நகரில் ஒரே நிறக் கட்டைகள் 3 வரை இருக்கலாம். 4-வது கட்டை வைக்க நேர்ந்தால், நோய் அடுத்த நகரங்களுக்குத் தாவும். சென்னையில் இப்படி நடந்தால் மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா ஆகிய 5 நகரங்களிலும் நோய் தலைகாட்டும். இப்படி 8 முறை தாவினால், எல்லோரும் தோற்றார்கள்! அதற்குள் 4 நோய்களுக்கும் மருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு வேலை

2 முதல் 4 பேர் ஆடலாம். ஒருவர் மருத்துவர், நோயை விரைவாக அகற்றுவார். இன்னொருவர் விஞ்ஞானி. மருந்து கண்டுபிடிக்க மற்றவர்களுக்கு 5 சீட்டு வேண்டும். அவருக்கு 4 போதும். கூடிப் பேசினால்தான் ஜெயிக்க முடியும்.

வீட்டில் ஒருவரே இருந்தாலும் கவலை இல்லை. 2 பேர் வேலையையும் அவரே பார்க்கலாம்!

ஒரு தொல்லை

இதிலும் ஒரு தொல்லை உண்டு. கெட்டிக்காரர் ஒருவர், "நீ அங்கே போ! நீ இதைச் செய்!" என்று உத்தரவு போடத் தொடங்கிவிடுவார். மற்றவர்கள் பொம்மைகள் ஆகிவிடுவார்கள்!

இந்தத் தொல்லைக்கு அதிகம் இடம் கொடுக்காத ஆட்டம், "ஹனாபி". இதில் அவரவர் சீட்டை அவரவர் பார்க்கக்கூடாது. மற்றவர்கள் பார்க்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் தரும் குறிப்பைக் கேட்டுத்தான் ஆடவேண்டும். 2013-ல் இந்த ஆட்டம், ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான பரிசைப் பெற்றது.

பலகையில் கண்டது நேரில்!

2020-ம் ஆண்டு கொரோனா நோய் உலகை வாட்டியது. பலகையில் கண்டது நேரில் நடந்தது! அந்த ஆண்டு மார்ச் மாதம், "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் லீகாக் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரோடு ஒருவர் பேசி, ஒத்துழைத்தால்தான் இத்தகைய நோயை வெல்லலாம் என்பது அதன் கருத்து.

இது வீட்டுக்கும் பொருந்தும். அண்ணன் தோற்றால்தான் தம்பி ஜெயிக்கலாம் என்று ஒன்றும் இல்லையே!