மரண தண்டனை பெற்ற பேய்ப் படம்!

மனிதனுக்குக் கோர்ட்டு மரண தண்டனை விதிப்பது உண்டு. சினிமாப் படத்துக்கு விதித்தது உண்டா?

உண்டு! ஜெர்மனியில் அது நடந்தது.

1925-ம் ஆண்டு ஜூலை மாதம். பெர்லின் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. ஒரு படத்தின் நெகடிவையும், பிரதிகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

அந்தப் படத்தின் பெயர் "நோஸ்பெராட்டு". ரத்தம் குடிக்கும் காட்டேரியின் கதை. பேசாத ஊமைப் படம். 1922-ம் ஆண்டு வெளிவந்தது.

தீர்ப்பு வந்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. ஆனால் படம் சாகவில்லை! இன்றும் உலகம் எங்கும் அதைப் பார்க்கிறார்கள். பயப்படுகிறார்கள்.

படம் செய்த குற்றம் என்ன? அது எப்படித் தப்பியது? அதைப் பார்க்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? விவரம் வருமாறு:–

திருடிய கதை

"டிராகுலா" என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பிராம் ஸ்டோக்கர் என்பவர் எழுதிய நாவல் அது. அவர் அயர்லாந்துக்காரர். லண்டனில் ஒரு பெரிய நாடகக் கொட்டகைக்கு மானேஜராக இருந்தார். 1897-ல் டிராகுலா வெளிவந்தது. 1912-ல் அவர் இறந்துபோனார்.

அவருடைய மனைவி பெயர் புளோரன்ஸ். இளம் வயதில் பேரழகி. புகழ்பெற்ற எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டு அவரை மணக்க விரும்பினார். ஆனால் புளோரன்ஸ் ஸ்டோக்கரைத்தான் மணந்தார். கணவர் இறந்தபின் அவருக்கு மிஞ்சிய சொத்துகளில் முக்கியமானது இந்தப் புத்தகத்தின் உரிமை.

இந்த நிலையில் ஜெர்மனியில் 1921-ல் ஒரு புதிய படக் கம்பெனி முளைத்தது. பெயர் "பிராணா". நம் ஊரில் சொல்கிற அதே பிராணன்தான்! கம்பெனியை நடத்திய இருவரில் ஒருவர் ஆல்பின் கிராவ். மந்திரம், மாயம், மறைபொருள் இவற்றில் ஈடுபாடு கொண்டவர். ஓவியரும்கூட.

முதல் உலகப் போரின்போது செர்பியா நாட்டு விவசாயி ஒருவர் தன்னிடம் ஒரு கதை சொன்னதாகக் கிராவ் கூறினார். தன் தகப்பனாரே செத்தபின் காட்டேரி ஆகிவிட்டார் என்றாராம் அந்த விவசாயி! அதைக் கேட்டதிலிருந்து காட்டேரிப் படம் எடுக்கும் ஆசை கிராவுக்கு.

கதைக்கு டிராகுலா நாவலை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் புளோரன்ஸ் அம்மையாரிடம் அனுமதி கேட்கவில்லை. பணமும் கொடுக்கவில்லை.

பெயர்களை மட்டும் மாற்றினார்கள். டிராகுலா பிரபு "ஆர்லாக் பிரபு" ஆனான். ஜோனதன் "ஹட்டர்" ஆனான். மினா "எல்லன்" ஆனாள். லண்டன் நகரம் "விஸ்போர்க்" என்ற ஜெர்மன் ஊர் ஆயிற்று.

அதோடு விட்டார்களா? இல்லை. டிராகுலாவைத் தழுவி எடுத்தது என்று தாங்களே விளம்பரமும் செய்தார்கள்! திருடியவன் ரசீதும் எழுதிக் கொடுத்த கதைதான்.

படத்தின் கதை

வீட்டுத் தரகர் ஒருவரிடம் வேலை பார்க்கும் இளைஞன் ஹட்டர். தொலைதூர மலை நாட்டில் இருக்கும் ஆர்லாக் பிரபுவுக்கு ஊரில் ஒரு வீடு வேண்டும். அதை முடித்து வர ஹட்டர் புறப்படுகிறான். இளம் மனைவி எல்லன் கலங்குகிறாள்.

வழியில் சத்திரத்து மக்கள் பிரபுவின் பெயரைக் கேட்டதும் நடுங்குகிறார்கள். ஹட்டர் சிரிக்கிறான்.

கோட்டையில் சாப்பிடும்போது ரொட்டி வெட்டுகிறான். கத்தி விரலில் பட்டு ரத்தம் வருகிறது. அதைப் பார்த்த பிரபுவின் முகம் மாறுகிறது! பிறகு, எல்லனின் சிறு படம் ஒன்று பிரபுவின் கண்ணில் படுகிறது. உடனே வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான்.

மண் நிரப்பிய சவப்பெட்டிகளோடு பிரபு கப்பல் ஏறுகிறான். பெட்டிகளில் எலிகளும் இருக்கின்றன. மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஆள் இல்லாத கப்பல் விஸ்போர்க் துறைமுகத்துக்குள் தானாக வந்து நிற்கிறது. ஊரில் பிளேக் நோய் பரவுகிறது. தெருவில் வரிசையாகச் சவப்பெட்டிகள் போகின்றன.

காட்டேரியை ஒழிக்க ஒரே வழி உண்டு. மாசற்ற ஒரு பெண், சேவல் கூவும்வரை அதைத் தன்னருகே இருத்திவைக்க வேண்டும். எல்லன் தன் உயிரைக் கொடுத்து அதைச் செய்கிறாள். பொழுது விடிகிறது. சூரிய ஒளி பட்டதும் காட்டேரி புகைபோல் மறைகிறது. எல்லனும் கணவன் கையில் உயிர் விடுகிறாள்.

பிராணனை விட்ட பிராணா

1922-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி பெர்லின் மிருகக்காட்சி சாலையில் உள்ள மண்டபத்தில் முதல் காட்சி நடந்தது. பெரிய விருந்தும் நடத்தினார்கள். விளம்பரத்துக்குப் பணத்தைத் தண்ணீராகச் செலவிட்டார்கள்.

செய்தி லண்டனுக்கு எட்டியது. புளோரன்ஸ் அம்மையார் கொதித்து எழுந்தார். அப்போது அவருக்கு 60 வயதுக்கு மேல். பெரிய பணக்காரரும் அல்ல. ஆனாலும் பின்வாங்கவில்லை. எழுத்தாளர் சங்கத்தின் உதவியை நாடினார். வழக்குத் தொடர்ந்தார்கள்.

கம்பெனி என்ன செய்தது? திவால் ஆகிவிட்டது! பிராணன் என்று பெயர் வைத்த கம்பெனி ஒரே படத்தோடு பிராணனை விட்டது.

நஷ்ட ஈடு கிடைக்க வழி இல்லை. எனவேதான் படத்தையே அழிக்க வேண்டும் என்று அம்மையார் கேட்டார். மூன்று ஆண்டுகள் விடாமல் போராடி 1925-ல் அந்தத் தீர்ப்பைப் பெற்றார்.

தப்பியது எப்படி?

பிலிம் என்பது ஒரே இடத்தில் இருக்கும் பொருள் அல்ல. பிரதி எடுத்து ஊர் ஊராக அனுப்புவார்கள். நோஸ்பெராட்டுப் பிரதிகளும் ஜெர்மனியைத் தாண்டி வெளிநாடுகளுக்குப் போய்விட்டன. பெர்லின் கோர்ட்டின் கை அவ்வளவு தூரம் நீளவில்லை.

1928-ல் லண்டனிலேயே ஒரு திரைப்படச் சங்கம் இந்தப் படத்தைக் காட்டியது! அம்மையாரின் கோபத்தைக் கேட்க வேண்டுமா? 1929-ல் அமெரிக்காவில், நியூயார்க் நகரில் படம் ஓடியது.

1922-ம் ஆண்டைச் சேர்ந்த பிரெஞ்சுப் பிரதி ஒன்று பாரீஸ் திரைப்படக் காப்பகத்தில் இருந்தது. சாயம் ஏற்றிய பிரதி அது. அதை அடிப்படையாகக் கொண்டு, குறைந்த பகுதிகளை மற்றப் பிரதிகளிலிருந்து சேர்த்து, 2005-2006-ம் ஆண்டுகளில் படத்தைச் செப்பனிட்டார்கள். சுமார் 94 நிமிடம் ஓடும் அந்தப் பிரதிதான் இன்று சிறந்ததாகக் கருதப்படுகிறது.

பார்க்கும்போது கவனியுங்கள்!

1. இரவா, பகலா?

பழைய கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் ஒரு வேடிக்கை நடக்கும். வெயிலுக்கு அஞ்சும் காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருவில் நடப்பான்!

இது டைரக்டரின் தவறு அல்ல. அந்தக் காலத்துப் பிலிமில் இருட்டில் படம் பிடிக்க முடியாது. பகலில் எடுத்து, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் இரவு. மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம் அல்லது பகல். இளஞ்சிவப்பு என்றால் விடியற்காலை. சாயம் இல்லாமல் பிரதி எடுத்ததால் இரவு எல்லாம் பகல் ஆகிவிட்டது. எனவே, சாயம் உள்ள பிரதியாகத் தேடிப் பாருங்கள்.

2. வெள்ளை மரம், கறுப்பு வானம்

கோட்டைக்குப் போகும் வழியில் திடீரென்று காடு வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் மாறும். அந்தத் துண்டில் நெகடிவையே படத்தில் ஒட்டிவிட்டார் டைரக்டர். பேய் உலகத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று அதற்குப் பொருள். செலவு இல்லாத தந்திரம்!

3. ஓநாயா, கழுதைப்புலியா?

ஓநாய் மனிதன் திரிகிறான் என்று சத்திரத்தில் பயமுறுத்துவார்கள். உடனே திரையில் ஒரு மிருகம் வரும். உற்றுப் பாருங்கள். அது ஓநாய் அல்ல; கழுதைப்புலி!

4. மாடிப்படியில் நிழல்

படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி இது. எல்லனின் அறைக்குக் காட்டேரி வருகிறான். ஆனால் ஆளைக் காட்டுவது இல்லை. கூன் முதுகும் நீண்ட நகமும் கொண்ட நிழல் மட்டும் மாடிப்படி ஏறுகிறது. நிழல் கை எல்லனின் நெஞ்சைப் பற்றுகிறது. அவள் துடிக்கிறாள். பிற்காலத்துப் பேய்ப் படங்கள் பலவற்றுக்கு இந்த நிழல்தான் வாத்தியார்.

5. காட்டேரி வருவது சில நிமிடம்தான்

படம் முழுவதும் ஆர்லாக் வருவதுபோல் தோன்றும். கணக்குப் பார்த்தால் அவன் திரையில் தோன்றும் நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு! மற்ற நேரம் எல்லாம் அவன் வருவானோ என்ற பயம்தான்.

6. சங்கீதம்

ஊமைப் படம் என்றாலும், தியேட்டரில் வாத்தியம் வாசிப்பார்கள். இந்தப் படத்துக்கு ஹான்ஸ் எர்ட்மன் இசை அமைத்தார். அதில் பெரும்பகுதி தொலைந்துபோயிற்று. ஆகவே, பிரதிக்குப் பிரதி இசை வேறாக இருக்கும். இசை பிடிக்கவில்லை என்றால் வேறு பிரதி பாருங்கள்.

பெயரே பயம்!

காட்டேரியாக நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக். நாடக நடிகர். "ஷ்ரெக்" என்றால் ஜெர்மன் மொழியில் "திகில்" என்று பொருள். புனைபெயர் அல்ல, சொந்தப் பெயரே அதுதான்!

மொட்டைத் தலை, எலிப்பல், வௌவால் காது. அந்த வேடத்தில் அவர் அவ்வளவு பொருந்தினார். உண்மையான காட்டேரியே வந்து நடித்தது என்று வேடிக்கையாகச் சொல்வது உண்டு. அந்தக் கற்பனையை வைத்து 2000-ம் ஆண்டில் ஒரு படமே எடுத்தார்கள். அதில் ஷ்ரெக்காக நடித்தவர் வில்லெம் டபோ. 2024-ல் நோஸ்பெராட்டுக் கதையை மீண்டும் படமாக எடுத்தபோது, காட்டேரியை எதிர்க்கும் பேராசிரியராக வந்தவரும் அதே டபோதான்!

படத்தின் டைரக்டர் எப். டபிள்யூ. மூர்னோ. பிறகு அமெரிக்கா போய்ப் புகழ் பெற்றார். 1931-ல் கார் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. அவர் உடல் ஜெர்மனியில் அடக்கம் செய்யப்பட்டது. 2015-ல் யாரோ கல்லறையை உடைத்து அவருடைய மண்டை ஓட்டைத் திருடிவிட்டார்கள்! பேய்ப் படம் எடுத்தவருக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்.

படம் பிடித்த இடங்கள் இன்றும் இருக்கின்றன. பிரபுவின் கோட்டை, சுலோவாகியாவில் உள்ள ஓரவா கோட்டை. பிரபு வாங்கிய வீடு, ஜெர்மனியின் லூபெக் நகரில் ஆற்றங்கரையில் நிற்கும் பழைய உப்புக் கிடங்குகள்.

யார் பக்கம் நியாயம்?

புளோரன்ஸ் அம்மையாரைக் கல் நெஞ்சக்காரி என்று சிலர் திட்டியது உண்டு. நல்ல படத்தை எரிக்கப் பார்த்தாரே என்று அவர்களுக்குக் கோபம்.

ஆனால் அவர் செய்த தவறு என்ன? கணவர் எழுதிய கதை. அதைக் கேட்காமல் எடுத்தார்கள். ஒரு காசு தரவில்லை. தட்டிக் கேட்டதும் கம்பெனியை மூடினார்கள். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

அவருடைய பிடிவாதம் வீண் போகவில்லை. டிராகுலா உரிமை விளையாட்டுப் பொருள் அல்ல என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 1930-ல் அமெரிக்காவின் யுனிவர்சல் கம்பெனி முறைப்படி உரிமை வாங்கியது. நாவலுக்கும் அதிலிருந்து எழுதிய நாடகங்களுக்கும் சேர்த்து 40 ஆயிரம் டாலர் கொடுத்தது. 1931-ல் பேலா லுகோசி நடித்த "டிராகுலா" வெளிவந்து சக்கைப்போடு போட்டது. அம்மையார் 1937-ல் காலமானார்.

இன்னொரு அதிசயமும் உண்டு. சூரிய ஒளி பட்டால் காட்டேரி சாகும் என்பது இப்போது குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஸ்டோக்கரின் நாவலில் அப்படி இல்லை! அதில் டிராகுலா பகலிலும் லண்டன் தெருவில் நடமாடுவான். முடிவில் அவனைக் கொல்வது கத்திகள். அவற்றில் ஒன்று கூர்க்காக் கத்தி! சூரிய ஒளியால் சாகும் முடிவு இந்தத் திருட்டுப் படம் சேர்த்தது.

ஆக, கதையைத் திருடிய படம் அந்தக் கதைக்கே ஒரு புதிய முடிவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்காகத் திருட்டு நியாயம் ஆகிவிடாது. திருட்டு என்பதற்காகப் படத்தின் பெருமையும் குறைந்துவிடாது.

இன்று இந்தப் படத்தை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சிறு பிள்ளைகளைத் தனியே பார்க்க விட வேண்டாம். பெரியவர்கள் கூட இருந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் பழைய படமாகத் தெரியும். கப்பல் வந்து நிற்கும்போது யாரும் பேச மாட்டார்கள்!

புத்தகம் வாழ்கிறது. படமும் வாழ்கிறது. கதையைத் திருடிய கம்பெனிதான் இல்லை.